கட்டைபறிச்சானுக்குப் போன மரண அறிவித்தல்

எங்கள் வண்டியில் இரண்டு பேருக்கு வேலை. அத்தான் ஓட்டுவார், நான் கதைப்பேன். ஓட்டோ அவருடையது. கூரையில் கட்டிய ஒலிபெருக்கியும் உள்ளே இருக்கிற அம்பிளிபயரும் மைக்கும் என்னுடையவை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். திருகோணமலைக் கடற்கரையோரம் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். காலையில் அவர் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுவார், நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஏறுவேன், அவ்வளவுதான்.

புடவைக்கடை மலிவு விற்பனை, கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, இரத்ததான முகாம், காணாமல் போன மாடு, செத்துப்போன மனிதர், எல்லாம் என் வாயால்தான் போகும். இந்தப் பக்கம் சல்லி, நிலாவெளி. அந்தப் பக்கம் மூதூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று, வெருகல் வரை. என் முகம் தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று "எத்தினையாம் நம்பர் போகுது?" என்று கேட்டால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "அட, நீங்களோ அது?" என்பார். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

தேர்தல் என்றால் எங்கள் கட்சிக்கு மட்டும்தான். வேறு கட்சிக்காரர் வந்து கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அத்தான் பக்கத்தில் நின்று, "ஓம், ஓம், ரெண்டு நாளா இருமல்" என்பார். கட்சிக்காக எழுதிய தாளை நான் வாசித்ததே இல்லை. மைக்கைப் பிடித்தால் தானாக வரும்.

பிறகு அந்த ஜனாதிபதித் தேர்தல் வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் ஆள் வெல்ல ஏலாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் தெற்கில் நிற்பவர்களில் ஒருவருக்குப் போடச் சொல்லிக் கட்சி சொல்லும், நாங்களும் போடுவோம். இந்த முறை ஒரு பகுதியார், வெல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுடைய ஆள் ஒருவரையே நிறுத்தி எங்களுக்கு என்ன வேண்டுமென்று நாட்டுக்குக் காட்டுவோம் என்று கிளம்பினார்கள். அவருக்குப் பொது வேட்பாளர் என்று பெயர். கட்சித் தலைமை கூடிக் கதைத்து, இல்லை, தெற்கின் ஆளுக்கே போடுங்கள் என்று முடிவெடுத்தது. முடிவு வந்த கையோடு எங்கள் ஊர்க் கட்சிக்காரரில் பாதிப் பேர் பொது வேட்பாளரின் மேடையில் மாலையோடு நின்றார்கள். எல்லாரும் ஒரே கட்சி, ஒரே அட்டை, ஒரே கதிரைகளில் இருந்து கூட்டம் கேட்டவர்கள்.

அத்தான் ஓட்டோவைக் கழுவிக்கொண்டு சொன்னார்:

"இந்த முறை நான் ஓடமாட்டன்."

"ஏன் அத்தான், வண்டி பிழையோ?"

"வண்டி சரி. கட்சிதான் பிழை."

முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் சவர்க்கார நுரையோடு நிமிர்ந்தார். "தெற்கில வெல்லக்கூடிய ஆள், வெல்லக்கூடிய ஆள் எண்டு பாத்துப் பாத்துப் போட்டனாங்கள். வெண்டவை எங்களுக்கு என்ன செய்தவை? ஒருக்காலாவது எங்கட ஆளுக்குப் போட்டுட்டுத் தோப்பம்."

"தோக்கிறதுக்கு ஆரும் வோட்டுப் போடுவினமோ? வெல்லுறவனுக்கு எங்கட வோட்டுத் தேவைப்பட்டாத்தான் அவன் எங்களைத் திரும்பிப் பாப்பான். இல்லாட்டி ஆர் எங்களை எண்ணுறது?"

"இவ்வளவு காலமும் எண்ணினவங்களோ?"

மைக் இல்லாத நேரத்தில் எனக்குப் பதில் பிந்தித்தான் வரும். அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, வளவுக்குள் கட்சிக் கதை கதைத்தால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை என்றாள். நாங்கள் படலைக்கு வெளியே போய் நின்று சண்டை பிடித்தோம்.

அடுத்த கிழமை அத்தானின் ஓட்டோவில் பொது வேட்பாளரின் படம் ஏறிவிட்டது. பின்பக்கம் முழுதும் மறைக்கிற பெரிய போஸ்டர், கோதுமை மாப் பசை போட்டு ஒட்டியது. வேறு யாரிடமோ ஒலிபெருக்கி வாங்கிக் கட்டி, யாழ்ப்பாணத்தில் பதிவு செய்த ஒரு பெண்குரலை ஓடவிட்டுக்கொண்டு திரிந்தார். நான் கிண்ணியாவிலிருந்து ஒரு ஓட்டோவை வாடகைக்குப் பிடித்தேன். அதை ஓட்டிய தம்பி மூன்றாவது வேட்பாளர் ஒருவரின் ஆள். "அண்ணே, உங்கட குரலுக்கு வண்டி ஓட்டுறதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல," என்றான். "நீங்க சொல்லுறத நான் கேக்கிறதே இல்ல."

அவன் கேட்காதது பரவாயில்லை. ஊரும் கேட்கவில்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. முன்பெல்லாம் என் சத்தம் கேட்டால் பெண்கள் ஈரக் கையோடு படலைக்கு வருவார்கள், யாராவது கையைக் காட்டுவார்கள். இப்போது நான் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே டிவியின் சத்தம் கூடுகிறது, யன்னல் சாத்துகிறது. சல்லியில் ஒரு மனுசி வெளியே வந்து, "உங்கட குரலைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு, அங்கால போங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்தாலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருப்பேன், எழும்புவேன், கடற்கரைக்குப் போவேன், அங்கும் இரண்டு பேர் இதையே கதைத்துக்கொண்டிருப்பார்கள், திரும்பி வருவேன்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓர் அக்கா இடியப்பம் அவித்து விற்றார். எல்லாரும் இடியப்பக்கா என்றே கூப்பிடுவோம். காலையில் இரண்டு அணியும் அவர் வாசலில்தான் பார்சலுக்கு நிற்கும், நின்ற இடத்திலேயே தொடங்கும். ஒருநாள் அவர் அகப்பையோடு வெளியே வந்தார். "மூண்டு பேருக்கு விருப்ப வரிசையில போடலாம் எண்டு அரசாங்கமே சொல்லுதாம். ஒருத்தருக்கு ஒண்டு எண்டு போடுங்கோ, மற்றவருக்கு ரெண்டு எண்டு போடுங்கோ. இதுக்கேன் சண்டை?" எல்லாரும் பார்சலை வாங்கிக்கொண்டார்கள். பிறகு யாரோ, "ஒண்டு ஆருக்கு அக்கா?" என்றார்கள். முன்னையை விட மோசமாகத் தொடங்கியது.

அந்தச் சண்டை அவர் வீட்டுக்குள்ளும் இருந்தது. இடியப்பக்கா பிறந்தது கட்டைபறிச்சானில். அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவன் என் வயது, என் கூட்டாளி, மனைவியை இழந்து தனியாக இருக்கிறவன், கட்டைபறிச்சானில் எங்கள் கட்சியின் தூண். ஒவ்வொரு தேர்தலிலும் அத்தானும் நானும் மத்தியானம் அவன் வீட்டில்தான் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமையானால் ஒரு கட்டுப் பயிற்றங்காயோடு பஸ் ஏறி அக்காவிடம் வருவான், போகும்போது இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவான். இந்த முறை அவன் பொது வேட்பாளரின் பக்கம். இடியப்பக்காவின் இரண்டு மகன்களும் கட்சி முடிவின் பக்கம். குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் மாமனும் மருமக்களும் வாய்க்கு வந்தபடி எழுதி, கடைசியில் மாமன் குழுவை விட்டு விலகி, அந்த வீட்டு நம்பர்கள் எல்லாவற்றையும் புளொக் பண்ணிவிட்டான். இடியப்பக்காவுக்குத் தனி ஃபோன் இல்லை, மகன்மாரின் ஃபோன்தான். வெள்ளிக்கிழமை வருவதும் நின்றது.

மூதூர்ப் பக்கம் போகிறேன் என்று தெரிந்தால் இடியப்பக்கா என்னை மறித்துக் கேட்பார். "அவனைக் கண்டா ஒருக்கா வரச் சொல்லுங்கோ தம்பி. வோட்டு முடிஞ்சாப் பிறகெண்டாலும் பரவாயில்லை."

அதைச் சொல்லத்தான் நான் கட்டைபறிச்சானில் அவன் வாசலில் ஓட்டோவை நிறுத்தினேன். கூரையில் தெற்கு வேட்பாளரின் படம் இருந்ததை எண்ணவில்லை. அவன் படலையைத் திறக்காமலே நின்றான்.

"போன தேர்தலில இதே வாயால என்ன சொன்னனீ? எங்கட வாக்கு எங்கட ஆளுக்கே எண்டு இந்த ரோட்டு முழுக்கக் கத்தினனீ. நானும் முன்னால நடந்தனான். இண்டைக்கு அதே வாயால வேற ஆளுக்குப் போடச் சொல்லுறாய். எது பொய்?"

"மச்சான், அது பாராளுமன்றத் தேர்தல். இது வேற."

"தேர்தல் வேற. வாய் ஒண்டுதானே?"

"உன்ர அக்கா உன்னை வரச் சொன்னவ."

"அக்காவையும் இதுக்குள்ள இழுக்கிறியோ? இனி உன்ர சத்தம் இந்த ஒழுங்கையில கேட்டா நான் தோட்டத்துக்குப் போயிடுவன். உன்ர வாயில வாற ஒண்டையும் நம்பமாட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மைக்கை எடுத்து அவன் வாசலிலேயே கட்சியின் முடிவை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இன்றைக்குக் கேட்டாலும் கட்சி எடுத்த முடிவு சரி என்றுதான் சொல்வேன்.

வாக்களிப்புக்குச் சில நாட்கள் இருக்க, இடியப்பக்கா விடிய எழும்பவில்லை. முதல்நாள் அரைத்த மா சட்டிக்குள் அப்படியே இருந்ததாம். மூத்த மகன் என் வீட்டுக்கு ஓடி வந்தான். ஐயர் குறித்த நேரப்படி பதினொரு மணிக்கே எடுக்கிறது, மாமாவுக்குச் சொல்ல வழியில்லை, பக்கத்து வீட்டு நம்பரால் எடுத்தாலும் அவரின் ஃபோன் நிற்பாட்டிக் கிடக்கிறது, கட்டைபறிச்சானில் தெரிந்த ஒருவருக்கு எடுத்தால் அவர் வெருகல் கோயிலில் நிற்கிறாராம். "மாமா முகம் பாக்காட்டி அம்மா போகமாட்டா," என்றான். மாமனுக்கு அத்தனை கோபத்தோடு எழுதியவன், சின்னப்பிள்ளை மாதிரி நின்றான்.

மரண அறிவித்தலுக்கு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்தக் கோபம் என்று பார்ப்பதில்லை, கேட்டவுடன் போக வேண்டும். நான் சட்டையைப் போட்டு, மைக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே வர, அத்தான் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். இத்தனை நாளும் முகம் கொடுத்துக் கதைக்காதவர், "ஏறு" என்றார். பின்பக்கத்துப் போஸ்டரைக் கிழிக்கச் சொன்னேன். கிழித்துப் பார்த்தார், பசை நல்ல பசை, மூக்கு மட்டும்தான் வந்தது. என் அக்கா ஒரு வெள்ளைச் சீலையைக் கொண்டுவந்து அதன் மேல் கட்டிவிட்டாள்.

ஊருக்குள் தொடங்கினேன். "மரண அறிவித்தல். கட்டைபறிச்சானைப் பிறப்பிடமாகவும், திருகோணமலையை வதிவிடமாகவும் கொண்ட..." பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் முதல் யன்னல் சாத்தியது. என் குரலுக்கு ஒரு பக்கத்தார் சாத்தினார்கள், அத்தானின் வண்டியைக் கண்டு மற்றப் பக்கத்தார் சாத்தினார்கள். ஒருவர் பல் துலக்கிக்கொண்டு வந்து, "விடியக் காலமையே தொடங்கிட்டியளோ?" என்று கத்தினார். அவர் இடியப்பக்காவிடம் தினமும் வாங்கித் தின்கிறவர். நான் மைக்கை அணைத்துவிட்டு, ஆர் செத்தது என்று வாயால் சொன்னேன். அவர் நுரையைத் துப்பிவிட்டு இடியப்பக்கா வீட்டுப் பக்கம் ஓடினார்.

கிண்ணியாப் பாலம் தாண்டி, கங்கைப் பாலம் தாண்டி, மூதூர்ப் பக்கம் போனோம். ஓட்டோ போதிய வேகத்தில் போவது மாதிரியே எனக்குத் தெரியவில்லை. போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கட்டைபறிச்சானுக்குள் நுழையும்போது மைக்கை எடுத்துத் திரும்பவும் சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் வீட்டுப் படலையில் சங்கிலி. பக்கத்து வீட்டு மனுசி வேலியால் பார்த்தாள். "உங்கட சத்தம் தூரத்தில கேக்கவே சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர்," என்றாள். பிறகு, "ஆர் செத்தது? நான் எலக்சன் எண்டெல்லோ நினைச்சன்?" என்றாள். அவளுக்குச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போகிற பாதையைக் காட்டினாள்.

பாதை வாய்க்கால் கரையோடு முடிந்தது. வாய்க்காலுக்கு அப்பால் மிளகாய்த் தோட்டம், நடுவில் அவன். நான் மைக்கில் சொன்னேன். அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து, தண்ணீர் இறைக்கிற வோட்டர் பம்மை ஸ்டார்ட் பண்ணினான். அது கிடந்து அலறியது. திரும்பவும் சொன்னேன், இடியப்பக்காவின் பெயரைச் சொன்னேன், பதினொரு மணி என்று சொன்னேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்தி கட்டினான்.

மைக்கை ஓட்டோச் சீற்றில் போட்டுவிட்டு இறங்கி, வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த பனங்குற்றியில் ஏறினேன். எனக்கு உடம்பு பாரம், குற்றி பாசி பிடித்துக் கிடந்தது. "மச்சான், மச்சான்" என்று கத்திக்கொண்டு நடுக்குற்றியில் நிற்க, அவன் திரும்பி மண்வெட்டியை ஓங்கினான்.

"இஞ்சால வந்தாயெண்டா வெட்டுவன்!"

அப்போதுதான் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் கொரகொரவென்று மூச்சு. பிறகு அத்தானின் குரல். எங்கள் கூட்டுத் தொடங்கிய நாளிலிருந்து அவர் மைக்கைத் தொட்டதே இல்லை, அது உன்ர வேலை என்பார். பிறப்பிடமும் இல்லை, வதிவிடமும் இல்லை.

"டேய் தம்பி. நான் கதைக்கிறன். அக்கா செத்துப்போனா. உண்மையா. வாடா."

அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். பம்மை நிற்பாட்டவில்லை. சைக்கிளையும் எடுக்கவில்லை. அரையில் கட்டிய சேற்றுச் சாரத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தாண்டிப் போய் ஓட்டோவில் ஏறினான். நான் திரும்பி நடந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மூதூர் தாண்டும் வரை அழுதுகொண்டு வந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"உன்ர சத்தம் கேட்டது."

"தெரியும்."

"பேரும் கேட்டது. வீட்டில நிக்கேக்கையே கேட்டது. பிறப்பிடம், வதிவிடம், எல்லாம் வடிவாக் கேட்டது."

"பிறகேன் போனனீ?"

"வோட்டுக்காகச் சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

எனக்கு அந்த ஓட்டோவிலிருந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனை சாவை இந்த வாயால் சொல்லியிருப்பேன், அவன் மனைவி செத்ததையும் நான்தானே சொன்னேன். ஒரு மனிசன் வோட்டுக்காகச் செத்த வீடு சொல்லுவானோ என்று கேட்க வாயைத் திறந்தேன். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "விடு" என்றார். விட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை. கிண்ணியாவில் வெயிலும் கடலும் கண்ணைக் கூசவைத்தன, நான் கையைப் பிசைந்துகொண்டே வந்தேன்.

பதினொரு மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். ஐயர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார், மகன்மார் அவரைக் கையமர்த்தினார்கள். அவன் சேற்றுச் சாரத்தோடே உள்ளே போய் அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மருமக்கள் இரண்டு பேரும் விலகி இடம் விட்டார்கள். முகத்தைப் பார்த்துவிட்டான், அது போதும் என்று அத்தான் சொன்னார். எனக்கும் அது போதும் என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

தேர்தலில் என் ஆளும் வெல்லவில்லை, அத்தானின் ஆளும் வெல்லவில்லை. வென்றவருக்கு எங்கள் ஒழுங்கையில் யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாமனும் மருமக்களும் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவில் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அத்தான் போஸ்டரை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தார், நாங்கள் திரும்பவும் ஒரே வண்டியில் போகிறோம். புடவைக்கடையும் தண்ணீர் வெட்டும் முன்னைப் போலவே போகின்றன. அதையெல்லாம் சனம் நம்புகிறது.

மரண அறிவித்தல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால்தான் ஃபோன் அடிக்கிறது. நிலாவெளியிலிருந்து, ஈச்சிலம்பற்றிலிருந்து, சில நேரம் எங்கள் ஒழுங்கையிலிருந்தே. "இப்ப சொல்லிக்கொண்டு போனியள், அது உண்மையோ?" என்று கேட்கிறார்கள். ஓம், உண்மைதான் என்கிறேன். சிலர் அதோடு வைத்துவிடுகிறார்கள். சிலர் கொஞ்சம் தயங்கி, "அத்தான் பக்கத்தில நிக்கிறாரோ? ஒருக்கா அவரிட்டக் குடுங்கோ," என்கிறார்கள். நான் எழும்பிப் போய் ஃபோனை அவரிடம் கொடுக்கிறேன்.